ரேடியோ விமானம் ஓட்டக் கற்பது: கண்ணும் கட்டைவிரலும்

ரிமோட் விமானம் வாங்கியவர்களின் முதல் பறப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. விமானம் அழகாக மேலே ஏறும். நேராகப் போகும். ரொம்பத் தூரம் போகிறதே என்று திருப்புவார், அதுவும் திரும்பிவிடும். இப்போது விமானம் அவரை நோக்கி வருகிறது. ஒரு பக்க இறக்கை கொஞ்சம் தாழ்ந்திருப்பதாகத் தெரிகிறது. நிமிர்த்துவதற்காகக் கையிலிருக்கும் ரேடியோவின் ஸ்டிக்கைத் தள்ளுகிறார், இறக்கை இன்னும் தாழ்கிறது. பதறிப்போய் இன்னும் அழுத்துகிறார். கண்மூடித் திறப்பதற்குள் மூக்கு மண்ணில். "சிக்னல் போயிடுச்சு சார்" என்பார். சிக்னல் போவதும் உண்டுதான், ஆனால் இந்தக் காலத்து ரேடியோக்களில் அது அபூர்வம்.

அந்த நொடியில் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்திருந்தாலே விமானம் தானாக நிமிர்ந்திருக்கக்கூடும், போதிய உயரம் மட்டும் இருந்திருந்தால். புதியவர்களுக்கென்றே வடிவமைத்த விமானத்தை டிரெய்னர் என்பார்கள். நல்ல டிரெய்னருக்குப் பறக்கத் தெரியும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் அதற்குச் சொன்னால் போதும். பழக வேண்டியது நம் கண்ணும் கட்டைவிரலும்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான். எந்த மோட்டார், எத்தனை ஆம்பியர் என்பதெல்லாம் போகிற போக்கில் வரும்.

விமானம் தானாகப் பறக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இந்தப் பொழுதுபோக்கின் பழைய கதையைப் பார்த்தால் நம்பிக்கை வரும். 1937இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் ரேடியோவால் இயக்கிய 'கஃப்' என்ற விமானம் இன்று ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் பல வருடங்கள், சாதாரண ஆர்வலர்கள் கையில் இருந்த ரேடியோவில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் வாலில் இருக்கும் ரடர் என்ற மடிப்பு ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும். விட்டால் நடுவுக்கு வந்துவிடும். விமானத்துக்குள் அந்த வேலையைச் செய்தது முறுக்கிவிட்ட ஒரு ரப்பர் பேண்ட். எஞ்சின் வேகத்தைக் கூட்டக் குறைக்க வழியில்லை. எரிபொருள் தீரும் வரை அது ஓடும், தீர்ந்ததும் விமானம் மிதந்து இறங்கும். இவ்வளவை வைத்துக்கொண்டே அவர்கள் வட்டமடித்து, நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இறக்கியிருக்கிறார்கள். மீதி வேலையை எல்லாம் விமானம் பார்த்துக்கொண்டது.

எப்படிப் பார்த்துக்கொள்கிறது? டிரெய்னரை முன்னாலிருந்து பாருங்கள். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். இரண்டு நுனிகளும் லேசாக மேல்நோக்கி உயர்ந்திருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் அந்தப் பக்கமாகவே சற்று வழுக்கும். வழுக்கும்போது தாழ்ந்த இறக்கையின் மேல் காற்று இன்னும் கூடுதலான கோணத்தில் படும், அந்த இறக்கைக்குத் தூக்குவிசை கூடும், விமானம் நிமிரும். அப்புறம் மூக்கும் வாலும். எடை மையம் சரியான இடத்தில் இருந்தால், வேகம் குறையும்போது மூக்கு தானே கொஞ்சம் தாழ்ந்து வேகத்தைத் திரும்பப் பெறும், வேகம் கூடினால் மூக்கு தானே உயரும். இரண்டுக்கும் சிப்பு எதுவும் தேவையில்லை, அந்த வடிவமே போதும்.

அதனால்தான் முதல் விமானமாக ஸ்பிட்ஃபயர் போன்ற போர் விமான மாதிரியை வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அவற்றின் இறக்கை கீழே இருக்கும், நுனியில் குறுகும், எடையும் கூடுதல். வேகம் குறைந்தால் ஒரு பக்கமாகக் குப்புற விழும். பறக்கவே தெரியாதவர் கையில் அது ஒரு நாள் பொருள். மேல் இறக்கை, ஒரு மீட்டருக்கு மேல் அகலம், நுரையால் ஆன உடம்பு: இது போதும். மோட்டாரும் புரொப்பெல்லரும் இறக்கைக்குப் பின்னால் இருக்கிற மல்டிபிளெக்ஸ் ஈஸிஸ்டார், பிக்ஸ்லர் மாதிரியான விமானங்கள் இன்னும் நல்லது. மூக்கு மண்ணில் குத்தினாலும் உடைவது நுரைதான், மோட்டார் இல்லை. நம்மூரில் பலர் சன்போர்டு, டெப்ரான், கோரோ ஷீட் போன்ற நுரை, பிளாஸ்டிக் அட்டைகளை வாங்கித் தாங்களே வெட்டி ஒட்டுகிறார்கள். இதுவும் நல்ல வழி. தன் கையால் செய்தவருக்கு உடைந்தால் ஒட்டவும் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: தெர்மாகோலில் ஃபெவிக்விக் போடாதீர்கள், அது கரைந்து குழி விழுந்துவிடும்.

நான்கு கட்டளைகள்

ரேடியோவில் இரண்டு ஸ்டிக்குகள். நம் ஊரில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது மோட் 2: இடது ஸ்டிக்கை மேலே கீழே நகர்த்தினால் திராட்டில், அதாவது மோட்டார் வேகம். பக்கவாட்டில் நகர்த்தினால் ரடர். வலது ஸ்டிக்கில் மேலும் கீழும் எலிவேட்டர், பக்கவாட்டில் ஏலரான். மோட் 1 என்று இன்னொரு அமைப்பு உண்டு, அதில் திராட்டிலும் எலிவேட்டரும் கை மாறியிருக்கும். எது உயர்ந்தது என்ற சண்டைக்கு முடிவே இல்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் எதை வைத்திருக்கிறாரோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் ரேடியோவைச் சட்டென்று வாங்கிக் காப்பாற்ற வேண்டிய நேரம் கட்டாயம் வரும்.

ஏலரான் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு மடிப்புகள். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும், விமானம் சாயும். எலிவேட்டர் வாலில் இருக்கும் மடிப்பு, மூக்கை ஏற்றி இறக்கும். ரடர் மூக்கை இடவலமாகத் திருப்பும். மூன்று சேனல், அதாவது மூன்று கட்டளைகள் மட்டும் உள்ள டிரெய்னர்களில் ஏலரான் இருக்காது. அவற்றில் ரடரே விமானத்தைத் திருப்பும், உயர்ந்த இறக்கை நுனிகள் சாய்வைப் பார்த்துக்கொள்ளும். கற்க ஆரம்பிக்க இது சுலபம்.

விமானம் திரும்புவது எப்படி என்பதில்தான் முதல் குழப்பம். வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போல ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். ஏலரான் திரும்பச் சொல்லும் கட்டளை அல்ல, சாயச் சொல்லும் கட்டளை. பிடித்துக்கொண்டே இருந்தால் விமானம் சாய்ந்துகொண்டே போகும். செய்ய வேண்டியது இது: லேசாகத் தட்டிச் சாய்க்க வேண்டும், ஸ்டிக்கை நடுவுக்கு விட வேண்டும். சாய்ந்த விமானத்துக்கு உயரம் குறையத் தொடங்கும், அதற்கு எலிவேட்டரைத் துளி பின்னுக்கு இழுக்க வேண்டும். திரும்பி முடிந்ததும் எதிர்ப்பக்கம் தட்டி நிமிர்த்த வேண்டும். இதைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகிறது, கை பழகிவிட்டால் யோசிக்காமலே நடக்கும்.

இரண்டாவது குழப்பம் இன்னும் ஆபத்தானது. விமானம் கீழே வருகிறது, உடனே எலிவேட்டரை இழுக்கிறார்கள். மேலே போக எலிவேட்டர், வேகமாகப் போக திராட்டில் என்று மனதில் பதிந்திருக்கிறது. நிதானமாகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் நடப்பது ஏறக்குறைய இதற்குத் தலைகீழ்: வேகத்தைத் தீர்மானிப்பது எலிவேட்டர், உயரத்தைத் தீர்மானிப்பது திராட்டில். எலிவேட்டரைத் தொடாமல் திராட்டிலை மட்டும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், விமானம் அதே போன்ற வேகத்தில் மேலே ஏறும். குறைத்தால் இறங்கும். திராட்டில் கொடுக்காமல் எலிவேட்டரை மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் முதலில் கொஞ்சம் ஏறும், வேகம் குறையும், அப்புறம் ஸ்டால்.

ஸ்டால் என்றால் மோட்டார் நிற்பது இல்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவுக்கு மேல் போனால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும், தூக்குவிசை சட்டென்று விழும். மூக்கு தொப்பென்று கீழே போகும், சில நேரம் ஒரு பக்க இறக்கையும் சேர்ந்து விழும். அப்போது மனசு "இழு, இழு" என்று சொல்லும். இழுத்தால் கோணம் இன்னும் கூடும், இன்னும் மோசமாகும். எலிவேட்டரை விட வேண்டும், வேகம் வரும் வரை பொறுத்து மெதுவாக இழுக்க வேண்டும். இதை 60, 70 மீட்டர் உயரத்தில் வேண்டுமென்றே செய்து பழக வேண்டும். திராட்டிலை மூடி, மூக்கை மெல்ல மெல்ல உயர்த்தி, உங்கள் விமானம் எப்போது கைவிடுகிறது, கைவிடும் முன் எப்படித் தள்ளாடுகிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தள்ளாட்டத்தை அடையாளம் தெரிந்தவர் தரைக்குப் பக்கத்தில் விமானத்தை இழப்பது குறைவு.

இன்னொரு வலை சுழல் பாய்ச்சல். திருப்பத்தில் சாய்வு அதிகமாகி மூக்கு கீழே போகிறது, வேகம் ஏறுகிறது. இங்கே எலிவேட்டரை இழுத்தால் விமானம் மேலே வராது, சுழல்தான் இறுகும். திராட்டிலைக் குறைத்து, முதலில் இறக்கையை நிமிர்த்தி, அதன் பிறகே இழுக்க வேண்டும். இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்வேன். பதற்றத்தில் மூளை ஓடாது, மனப்பாடமானது மட்டும்தான் வரும்.

எதிரே வரும்போது

சரி, ஆரம்பத்தில் சொன்ன விபத்துக்கு வருவோம். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் வலதும் நம் வலதும் ஒன்று. நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நம் இடது. உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பைலட்டுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. உண்மையான விமானம் ஓட்டுகிறவர்களே நம் ரேடியோவை வாங்கி முதல் திருப்பத்திலேயே திணறுவது இதனால்தான். இது அறிவால் புரிவது, ஆனால் விரலுக்குப் புரிய வாரக்கணக்கில் ஆகும்.

இடையில் தப்பிக்கச் சில வழிகள் இருக்கின்றன. விமானம் எதிரே வரும்போது, எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு. இடது வலது கணக்கே வேண்டாம். தாழ்ந்த பக்கம் ஸ்டிக், அவ்வளவுதான். இது எதிரே வரும்போது மட்டும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். இன்னொரு வழி, உடம்பை விமானம் போகும் திசைக்குத் திருப்பி நின்று, தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்ப்பது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். சீக்கிரமே அது தேவைப்படாமல் போய்விடும்.

தூரமும் ஒரு பிரச்சினை. ஒரு மீட்டர் இறக்கை உள்ள விமானம் கொஞ்ச தூரம் போனாலே கறுப்பு நிழல் உருவமாகிவிடும். வருகிறதா போகிறதா என்றே தெரியாது. மேகமூட்டமான நாளில் இன்னும் மோசம். இறக்கையின் மேற்புறத்துக்கு ஒரு பளிச் நிறம், அடிப்புறத்துக்குக் கறுப்புப் பட்டைகள் என்று ஒட்டிவைத்தால் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பிடிபடும். அப்படியும் குழப்பமென்றால் பெரிதாக எதையும் செய்யாமல், ஒரு பக்கம் லேசாகத் தட்டி விமானம் எப்படிப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். அந்தப் பதிலே திசையைக் காட்டிக்கொடுக்கும். அதைவிட, குழப்பம் வருமளவுக்குத் தூரமாக விடாமல் இருப்பது நல்லது. புதியவர்கள் விமானத்தைத் தூரமாக அனுப்புவதற்குக் காரணமே பயம்தான். எதிரே வரும் விமானத்தைக் கண்டு பயந்து விலக்கிவிடுகிறார்கள், விலகியதால் கண் தெரியாமல் இழக்கிறார்கள்.

இதற்கு வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். சிமுலேட்டர் என்ற மென்பொருள்தான் இந்தப் பொழுதுபோக்கில் போடும் காசுக்கு அதிகம் திருப்பித் தருவது. ரியல்ஃபிளைட் காசு கொடுத்து வாங்குவது. பிகாசிம் இலவசம். உங்கள் சொந்த ரேடியோவையே ஒரு கேபிளில் கணினியோடு இணைத்து ஓட்டுங்கள், கீபோர்டில் ஓட்டுவதில் பிரயோஜனம் இல்லை. சாகசம் செய்யாதீர்கள். எட்டு வடிவம் போடுங்கள். எட்டில் ஒவ்வொரு சுற்றிலும் விமானம் ஒருமுறை உங்களை நோக்கித் திரும்பியே ஆக வேண்டும், இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். கணினியில் நூறு முறை விழுந்தால் ஒரு பொத்தானை நூறு முறை அழுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான் செலவு.

சொல்லிக்கொடுப்பவர் இருந்தால் பாதி பாரம் குறையும். இரண்டு ரேடியோக்களைக் கேபிளாலோ கம்பியில்லாமலோ இணைப்பதை பட்டி பாக்ஸ் என்பார்கள். ஆசிரியர் தன் ரேடியோவில் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவர் கையில் இருக்கும், விட்ட கணத்தில் ஆசிரியரிடம் வந்துவிடும். ரேடியோவைக் கைமாற்றும் அந்தப் பதற்றமான இரண்டு விநாடிகள் இதில் இல்லை. இப்போது சில டிரெய்னர்களில் ஜைரோ வருகிறது, விரலை எடுத்தால் அதுவே நேராக நிறுத்தும். நல்ல துணைதான். ஆனால் அதை எப்போதும் போட்டுக்கொண்டே பறந்தால் ஜைரோதான் ஓட்டக் கற்றிருக்கும், நீங்கள் இல்லை. நல்ல உயரத்தில் இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துப் பழகுங்கள்.

காற்று

நம் ஊரில் காற்றுக்கு நேரம் உண்டு. விடிந்த பிறகான முதல் இரண்டு மணி நேரம்தான் புதியவர்களுக்கான நேரம். வெயில் ஏறினால் தரை சூடாகிக் காற்று குமுறத் தொடங்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் கோடையில் நண்பகல் வாக்கில் கடல்காற்று உள்ளே வரும். ஆரல்வாய்மொழி, பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆடிக் காற்றில் அங்கே காற்றாலைதான் பறக்காத குறை. அந்த மாதங்களில் சிமுலேட்டரே கதி.

காற்று வீசும் நாளில் நடக்கும் ஒரு விபத்து மட்டும் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டியது. விமானம் காற்றோடு சேர்ந்து போகும்போது தரையில் நிற்பவர் கண்ணுக்கு மிக வேகமாகப் போவதாகத் தெரியும். ஐயோ வேகம் என்று திராட்டிலைக் குறைத்து மூக்கைத் தூக்குவார், அது ஸ்டால் ஆகி விழும். விமானத்துக்குத் தரை தெரியாது. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து எவ்வளவு வேகம் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. ஓடும் ரயிலுக்குள் ஒருவர் நடந்து போகிறார், பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அவர் பறப்பதாகத் தெரியும், அவர் நடப்பதோ வழக்கமான நடைதான். மணிக்கு 35 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் 15 கிலோமீட்டர் காற்றோடு போனால் நம் கண்ணுக்கு 50, எதிர்த்து வந்தால் 20. இரண்டு நேரத்திலும் இறக்கைக்கு அதே 35தான். ஆகவே காற்றுத் திசையில் போகும்போது கண்ணை நம்பித் திராட்டிலைத் தொடாதீர்கள்.

காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே விமானத்தை வைத்துக்கொள்வதும் ஒரு நல்ல பழக்கம். பேட்டரி தீர்ந்தாலும் காற்று அதை உங்களிடம் கொண்டுவரும். எதிர்ப்பக்கம் இருந்தால் அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும்.

பறக்கும் முன்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். எடை மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, பின்விளிம்பு வரையிலான தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். விமானத்தோடு வந்த தாளில் சரியான அளவு இருக்கும். அந்த இடத்தில் இரண்டு விரல்களால் தாங்கிப் பாருங்கள், மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு கனத்த விமானம் சுமாராகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு முறை பறக்கும் என்று களத்தில் சொல்வார்கள். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எப்போதும் முதலில் ரேடியோவைப் போட்டு, பிறகு விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும். முடிந்ததும் பேட்டரியை முதலில் கழற்ற வேண்டும். பேட்டரி இணைந்த கணத்திலிருந்து புரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலலாம் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். சின்ன மோட்டார்கூட விரலைப் பதம் பார்த்துவிடும். அப்புறம் விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள்: வலது இறக்கையின் ஏலரான் மேலே வர வேண்டும். எலிவேட்டரை இழுத்தால் வால் மடிப்பு மேலே வர வேண்டும். ஒட்டுப் போட்டு ஒயரை மாற்றிச் சொருகிய விமானம் தலைகீழ் ஏலரானோடு கிளம்புவது அடிக்கடி நடக்கிறது. அதை ஆகாயத்தில் சமாளிக்க அனுபவசாலிக்கே கஷ்டம். ரேடியோவில் சிக்னல் எட்டும் தூரத்தைச் சோதிக்கும் ரேஞ்ச் செக் வசதி இருந்தால் சுமார் 30 எட்டு தள்ளி நின்று பாருங்கள். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள், புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3.5க்குக் கீழே போகும் முன் இறங்கிவிடுங்கள். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்வது பாதுகாப்பான அளவு. பக்கத்தில் ஆள் இல்லாமல் சார்ஜ் போட வேண்டாம், வீங்கியதையோ விபத்தில் நசுங்கியதையோ திரும்பப் பயன்படுத்த வேண்டாம். உள்ளே தீப்பிடிக்கக்கூடிய சரக்கு அது.

இடம் பற்றி: இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் பேசுகின்றன. 25 கிலோவுக்கு உட்பட்டு, கல்விக்கோ ஆய்வுக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறப்பவை அந்த வகை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் மைதானம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் வரை. பதிவு விவரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒரு பக்கம். மின்கம்பி, ரோடு, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் இல்லாத இடமா என்பது இன்னொரு பக்கம். தண்ணீர் வற்றிய ஏரிப்படுகை நல்ல தேர்வு, ஆனால் மாடு மேய்க்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கிளம்புவதும் இறங்குவதும்

கையால் எறிந்து கிளப்பும் விமானமென்றால் முதல் சில முறை எறிவதை வேறொருவர் செய்யட்டும், உங்கள் இரண்டு கட்டைவிரலும் ஸ்டிக்கில் இருக்கட்டும். காற்றை எதிர்த்து, கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக எறிய வேண்டும். வானத்தைப் பார்த்து எறிந்தால் வேகம் கிடைக்கும் முன்பே ஸ்டால் ஆகும். போதிய வேகம் வரும் வரை திருப்ப முயலாதீர்கள். நேராக ஏறட்டும். மூன்று தவறு செய்தாலும் தரையைத் தொடாத அளவு உயரத்துக்குப் போன பிறகுதான் பாடம்.

மேலே போனதும் முதல் வேலை டிரிம். அரைத் திராட்டிலில் விரலை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, மூக்கு தாழ்கிறதா? ஸ்டிக் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை எதிர்த்திசையில் ஒன்றிரண்டு கிளிக் தட்டுங்கள். கைவிட்டால் நேராகப் போகும் விமானம் கிடைக்கும் வரை வேறு எதுவும் கற்க வேண்டாம். டிரிம் இல்லாத விமானத்தில் எதைச் செய்தாலும், தவறு உங்களுடையதா விமானத்தினுடையதா என்றே தெரியாது.

தரையிறக்கம்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குவது. கலக்க வேண்டிய இடம் தரை இல்லை, அதற்கு முந்தைய கடைசித் திருப்பம். காற்றோடு சேர்ந்து உங்களுக்கு இணையாகப் போய், ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், பிறகு காற்றை எதிர்த்து நேராக இறங்குவது என்பது வழக்கமான சுற்று. அந்தக் கடைசித் திருப்பத்தில் விமானம் தாழ்வாகவும் மெதுவாகவும் இருக்கும். களத்தைத் தாண்டிவிடுமோ என்ற அவசரத்தில் கூர்மையாகச் சாய்த்து இழுப்பார்கள். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்வில் திரும்பும் விமானத்தின் ஸ்டால் வேகம் நேராகப் பறக்கும்போது இருப்பதைவிடச் சுமார் 19 சதவீதம் கூடுதல், 60 டிகிரியில் 41 சதவீதம். ஏற்கெனவே மெதுவாக வரும் விமானத்துக்கு இது தாங்காது. ஆகவே கடைசித் திருப்பங்களைத் தூரத்தில், அகலமாக, லேசான சாய்வில் போடுங்கள். தாண்டிவிட்டதா? திராட்டிலைக் கொடுத்து மேலே போய் இன்னொரு சுற்று வாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. பேட்டரியில் அதற்கான மிச்சம் இருக்கும்போதே முதல் முயற்சியை ஆரம்பிப்பதும் உங்கள் பொறுப்பு.

நேராக வந்த பிறகு வேலை குறைவு. எலிவேட்டரை ஓரளவு அப்படியே வைத்து, திராட்டிலால் இறக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள்: முன்னாலேயே விழுவதாகத் தெரிந்தால் கொஞ்சம் கூட்டு, தாண்டுவதாகத் தெரிந்தால் குறை. இறக்கையைச் சமமாக வையுங்கள். தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது திராட்டிலை மூடி, எலிவேட்டரைச் சிறிது சிறிதாக இழுத்து மூக்கை நிமிர்த்துங்கள். மெத்தென்று உட்காரும். உட்காராவிட்டால் இரண்டு துள்ளல் துள்ளி நிற்கும், நுரைதானே. நாற்பது மீட்டர் உயரத்தில் கற்பனையாக ஒரு தரையை வைத்துக்கொண்டு இதே சுற்றைப் பலமுறை பழகிய பிறகே உண்மையான தரைக்கு வாருங்கள்.

விழத்தான் செய்யும். விழுந்தால் ஓடும் முன் திராட்டிலை மூடுங்கள், போனதும் பேட்டரியைக் கழற்றுங்கள், துண்டுகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஹாட் குளூ துப்பாக்கியும் பேக்கிங் டேப்பும் பையில் இருந்தால் பல விபத்துகள் களத்திலேயே சரியாகிவிடும். திரும்ப எறியும் முன் எடை மையத்தையும் ஏலரான் திசையையும் மறுபடி பாருங்கள், ஒட்டிய பசையே மையத்தை நகர்த்தியிருக்கலாம்.

மோட்டாரை அணைத்துவிட்டு மிதந்து வந்து நினைத்த இடத்தில் இறக்கவும், இரண்டு பக்கமும் உயரம் மாறாமல் எட்டுப் போடவும் வந்துவிட்டால், நான்கு சேனல் உள்ள, இறக்கை நடுவிலோ கீழேயோ இருக்கும் ஒரு சாதாரண ஸ்போர்ட் விமானத்துக்குப் போகலாம். டிரெய்னரை விற்றுவிடாதீர்கள். ஸ்பிட்ஃபயருக்கு இன்னும் ஒரு விமானம் பாக்கி இருக்கிறது.